ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!

பெங்களூர் ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோவுக்காகக் காத்து நின்ற நேரத்தில் என் அக்கா மகள் மேம்பாலத்தை இடித்துத் தள்ளிவிட்டாள். கடப்பாரை, ஜேசிபி ஒன்றும் கிடையாது. ஆள்காட்டி விரல் மட்டும். போனில் என்னை ஒரு படம் எடுத்தாள். எனக்குப் பின்னால் உச்சியில் கம்பிகள் துருத்திக்கொண்டு நின்ற தூண், என் மண்டையிலிருந்தே முளைத்த மாதிரி விழுந்திருந்தது. விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். தூண் போன இடம் தெரியவில்லை. அங்கே நீல வானம். கூடவே, ஈஜிபுரா சிக்னல் என்றைக்கும் பார்த்திராத ஒரு தென்னை மரம்.

2017-இல் வேலை தொடங்கிய பாலம். நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். கெடு மாறியது, ஒப்பந்தக்காரர் மாறினார், ஆட்சியே மாறியது. தூண்கள் மட்டும் கொள்கைப் பிடிப்போடு நின்ற இடத்திலேயே நின்றன. அதை இந்தப் பெண் இரண்டு விநாடியில் காலி செய்துவிட்டு, "எப்படி மாமா?" என்கிறாள்.

"பொய்யா இருக்கு."

"உங்க காலத்துல போட்டோன்னா அப்படியே உண்மை. இல்ல மாமா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற டெலிவரிப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தான். அதற்குள் ஆட்டோ கிடைத்தது. போக வேண்டியது சோனி வேர்ல்ட் சிக்னலுக்கு. சோனி சாமான் விற்ற கடையின் பெயரை நாற்சந்திக்கே சூட்டிவிட்ட ஊர் இது. நடந்தால் இருபது நிமிஷம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆட்டோவில் போனால் போட்டோவின் சரித்திரத்தை ஆதி முதல் சொல்லி முடித்து, சந்தேகங்களுக்கும் பதில் சொல்லலாம். சொன்னேன்.

பிணம் பேசியது

போட்டோ பிறந்ததாக உலகத்துக்கு அறிவித்தது 1839-இல், பாரிஸில். டாகேர் என்பவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு அயோடின் புகை காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, பாதரச ஆவியில் பிடித்துப் படம் வரவழைத்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற மாதிரியான வேலைதான், என்ன, இந்தப் புகையை இழுத்தால் உடம்புக்கு ஆகாது. அரசாங்கம் அசந்துபோய் வருஷத்துக்கு 6,000 பிராங்க் பென்ஷன் எழுதிக்கொடுத்தது.

அதே ஊரில் இப்போலித் பயார் என்று ஒரு அரசாங்க குமாஸ்தா. அவரும் தன் பங்குக்குக் காகிதத்தில் படம் வரவழைத்திருந்தார். "அவசரப்படாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று பெரிய விஞ்ஞானியான அராகோ தட்டிக்கொடுத்தார். பயார் பொறுத்தார். அரசாங்க ஊழியர் அல்லவா, பொறுமை பழக்கம். பென்ஷன் டாகேர் வீட்டுக்குப் போய்விட்டது.

வயிறு எரிந்த பயார் என்ன செய்தார்? 1840-இல் மேல்சட்டை இல்லாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தன்னையே படம் எடுத்தார். பின்பக்கம் ஒரு குறிப்பு: இது பயாரின் பிணம், அரசாங்கம் கைவிட்டதால் தண்ணீரில் மூழ்கிச் செத்தான், நாற்றம் அடிக்கிறது, சீக்கிரம் நகருங்கள் என்கிற தோரணையில். வெயிலில் கறுத்த முகமும் கையும் படத்தில் தனியாகத் தெரிந்தன. அழுக ஆரம்பித்துவிட்டது என்று அதற்கும் அதே குறிப்பில் விளக்கம்! இப்படிச் செத்தவர் அதற்கப்புறம் 47 வருஷம் சௌக்கியமாக இருந்தார்.

"அதாவது, போட்டோ பொறந்த மறு வருஷமே பொய் சொல்லிடுச்சு. உனக்குக்கூட மூணு வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றேன்.

மேகம் பெங்களூர், வானம் பர்மா

அடுத்த ஆள் நம் ஊரில் குப்பை கொட்டினவர். லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் ராணுவ அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். எடுத்துவந்த படங்களைப் பெங்களூரில் உட்கார்ந்து அச்சிட்டார்.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் கொள்ளை ஆசை. கோபுரமும் மரமும் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறி வெளிச்சத்தைக் குடித்துவிடும். பிரிண்ட் போட்டால் வானத்துக்குப் பதில் சலவை வேட்டி. ட்ரைப் யோசித்தார். தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேலேயே மேகம் தீட்டினார். இலை சரியாக விழாத மரத்துக்கு இலையும் தீட்டினார்.

ஆக, பர்மா வானத்தில் மிதந்த மேகம் பெங்களூர்த் தயாரிப்பு. இன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பேரைக் கேட்டால் கிளவுடில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். அந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட மனுஷனுக்கு ஒரு சிலைகூட இல்லை.

1858-இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் போனார். பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை விடாமல் எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. இப்போது போனைக் கிடையாக வைத்துத் திரும்பினால் வருகிற பனோரமாதான், ஆனால் இவருடையதில் நடுவே யாருக்கும் ஆறு கை முளைக்கவில்லை. இவ்வளவும் செய்தவருக்குக் கிடைத்தது என்ன? மெட்ராஸுக்குப் புது கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கடையையே மூடிவிட்டார். பட்ஜெட் கூட்டத்தில் முதல் வெட்டு போட்டோக்காரனுக்குத்தான் என்பது அன்றைக்கே முடிவானது.

இந்தக் கட்டத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் எங்கள் ஆட்டோவுக்கும் தூணுக்கும் நடுவே இருந்த நாலு விரற்கடை இடத்தில் வண்டியை நுழைத்தார். கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்கிற கன்னடம், பெங்களூரின் தாரக மந்திரம். போட்டோக்காரர்கள் ஜாதிக்கும் அதுதான் மந்திரம். ட்ரைப் பண்ணியதும் ஸ்வல்ப அட்ஜஸ்ட்தான்.

தலை என்னுது, உடம்பு உன்னுது

1857-இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்ற சுவீடன்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் பண்ணினார். ஒரு பக்கம் நல்லொழுக்கம், மறுபக்கம் தீயொழுக்கம். தீயொழுக்கப் பக்கத்தில் ஆடை கொஞ்சம் குறைச்சல். விக்டோரியா ராணியே ஒரு பிரதி வாங்கினார். எடின்பரோக்காரர்களுக்கு மட்டும் கூச்சம். தீயொழுக்கத்தின் மேல் திரை போட்டுவிட்டு மிச்சத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் எந்தப் பக்கத்தைப் பார்க்க வந்தது என்று எழுத வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மம்ளர் இன்னும் கில்லாடி. பாஸ்டனில் நகைக்குப் பொறிப்பு வேலை பார்த்தவர், 1860-களில் ஆவிகளைப் படம் பிடிக்கக் கிளம்பினார். நீங்கள் தனியாகப் போய் உட்காருவீர்கள். படத்தில் செத்துப்போன சித்தப்பா புகை மாதிரி பின்னால் நிற்பார். ஒரே தகட்டில் இரண்டு தடவை வெளிச்சம் காட்டினால் யார் வீட்டுச் சித்தப்பாவும் வருவார். தொழில் அமோகம். அப்புறம் வந்தது வினை: படத்தில் இருந்த சில ஆவிகள் அதே பாஸ்டனில் உயிரோடு நடமாடுவதைச் சனங்கள் பார்த்துவிட்டார்கள். நியூயார்க்குக்கு இடம் மாறினார். 1869-இல் வழக்கு. சர்க்கஸ் புகழ் பார்னம் சாட்சிக்கூண்டேறி, இது பித்தலாட்டம் என்றார். பித்தலாட்டத்தில் பார்னத்துக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது. நிபுணர் சாட்சி என்றால் அதுதான். நீதிபதிக்கும் சந்தேகம்தான், நிரூபணம் போதவில்லை என்று விட்டுவிட்டார். பிற்பாடு லிங்கனின் மனைவியே மம்ளரிடம் போனார். தோளில் கை வைத்தபடி லிங்கன் வந்து நின்றார்.

அந்த லிங்கன் கம்பீரமாக நிற்கிற முழு உருவப் படம் ஒன்று உண்டு. தலை அவருடையது. கழுத்துக்குக் கீழே கால்ஹூன் என்ற அரசியல்வாதி, அடிமை முறை நல்லது என்று ஆயுசெல்லாம் வாதாடினவர். பிறந்த நாள் பேனரில் வட்டச் செயலாளர் தலைக்குக் கீழே கதாநாயகன் உடம்பை ஒட்டுகிற நம் பிளெக்ஸ் கடைத் தம்பிகளைக் கேலி செய்கிறோமே, அவர்களாவது ஒரே கட்சி உடம்பாகப் பார்த்து ஒட்டுகிறார்கள்.

இதற்கெல்லாம் ஸ்டூடியோகூட வேண்டாம் என்று காட்டியவை இரண்டு பெண் குழந்தைகள். 1917, இங்கிலாந்தில் காட்டிங்லி கிராமம். எல்சிக்கு 16 வயசு, பிரான்சிஸுக்கு 9. காகிதத்தில் தேவதைகளை வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் புல்லில் குத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாய்ல் நம்பிவிட்டார்! சிகரெட் சாம்பலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிற துப்பறிவாளனைப் படைத்த மனுஷருக்குத் தொப்பி ஊசி தெரியவில்லை. 1983-இல் பாட்டிகளான பிறகுதான் இருவரும் உண்மையைச் சொன்னார்கள். ஒரு போட்டோ விஷயத்தில் 66 வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

கரி பூசினால் வெளுக்கும்

இனி நம்ம பேட்டை. எங்கள் சின்ன வயசில் இங்கே ஒரு ஸ்டூடியோ. பின்னணித் திரையில் தாஜ்மகால், அதன் பக்கத்திலேயே நீர்வீழ்ச்சி. பூகோளமும் ஸ்வல்ப அட்ஜஸ்ட். இணைப்பு இல்லாத போன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு ஈஜிபுரா, விவேக்நகர், நீலசந்திரா தமிழ்ச் சனம் மொத்தமும் யாரிடமோ பேசியிருக்கிறது.

ஸ்டூடியோக்காரர் உண்மையில் சம்பாதித்தது டச்சிங்கில். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: அங்கே தெளிவாக இருப்பது பிரிண்டில் கறுப்பு, அங்கே கறுப்பாக இருப்பது பிரிண்டில் வெளுப்பு. கண்ணுக்குக் கீழே கருவளையமா? நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஊசியாகச் சீவின பென்சிலால் அதன் மேல் மெல்லப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் பிரிண்டில் வளையம் மறையும். முகத்தில் கரி பூசினால் வெளுத்துப்போகிற ஒரே இடம் உலகத்தில் நெகட்டிவ்தான். கல்யாண போட்டோ என்றால் கூடுதலாக நாலு புள்ளி. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "போட்டோவில் இருந்த பொண்ணைக் கூப்பிடுங்க" என்றதாக அக்கம்பக்கத்தில் பேச்சு.

என் பெரியப்பா தனியாகப் படமே எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தார். இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான். ஸ்டூடியோக்காரர் அதிலிருந்து தலையை எடுத்துப் பெரிசாக்கி, யாருடையதோ கோட்டு டையின் மேல் பொருத்தி, கலைந்த முடியைச் சீவி, கண்ணுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தார். ஆயுசு முழுக்கக் காக்கிச் சட்டை போட்ட மனுஷன். சந்தனம் பூசி மாலை போடுகிற நேரத்தில் பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜோரா இருக்காரு. யாரு இது?"

நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். 1940-இல் வந்த 'உத்தமபுத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம். லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுத்து, பிலிமை மறுபடி பின்னுக்குக் கொண்டுவந்து மறு பாதியை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் ஒரு பாக்ஸ் கேமரா. எத்தனை தடவை அழுத்தினாலும் பிலிம் தானாக நகராது. ஊட்டித் தொழிற்சாலை இந்து பிலிம் ரோல், எட்டே எட்டுப் படம். கறுப்பு அட்டையால் பாதி லென்ஸை மூடி என் மாமாவைத் திண்ணையின் இடது பக்கம் உட்காரவைத்தேன். அப்புறம் மறு பாதியை மூடி வலது பக்கம். சூத்திரம் சரி. நடுவில் கேமராவைத் தட்டியது மட்டும் தப்பு. இரண்டு மாமாவுக்கும் சேர்த்து மூன்று கால் வந்தது.

வாஸ்லைனும் விட்டுவைக்கவில்லை. லென்ஸின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, நடுவை விட்டு ஓரத்தில் பூசினால் படம் கனவுக்காட்சி மாதிரி கலங்கும். கொசுவலைத் துண்டை லென்ஸுக்கு முன் கட்டினால் விளக்கெல்லாம் நட்சத்திரமாகும். மிட்டாய் சுற்றின சிவப்புத் தாளில் ஊரே தீப்பிடித்து எரியும். அன்று இரவு வீட்டில் எல்லோரையும் கொசு பிடுங்கியது. வலையில் என் கேமரா அளவுக்குச் சதுர ஓட்டை. அம்மாவின் கை கன்னத்தில் பதிந்த வேகத்துக்கு எந்தக் கேமராவிலும் ஷட்டர் கிடையாது.

இதே ஊரில் எதிர்க்கட்சியும் பலமாக இருந்தது. டி.என்.ஏ. பெருமாள் மாதிரியான காட்டுயிர் போட்டோ மேதைகள் வாழ்ந்த ஊர். பறவை வருகிற வரைக்கும் மறைவிடத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருக்கிற தவக்கூட்டம் அது. இயற்கைப் படப் போட்டிகளில் இருக்கிறதைத் தேய்ப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் மகா பாவம். அங்கே பறவைதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.

சீதாராமன் வந்தார்

1982-இல் நேஷனல் ஜியாகரபிக் பத்திரிகை அட்டையின் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு பிரமிடுகளைக் கம்ப்யூட்டரால் கொஞ்சம் நெருக்கி வைத்தது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் அசையாத கல், ஒரு அட்டைக்காக நகர்ந்து கொடுத்தது. எட்டு வருஷம் கழித்து, 1990-இல், நால் சகோதரர்களின் போட்டோஷாப் வந்தது. அதன் மெனுவில் 'அட்ஜஸ்ட்மென்ட்ஸ்' என்றே ஒரு வரிசை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் எப்போதாவது பெங்களூர் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

மென்பொருள் திறக்கிற நேரத்தில் அதைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். அதில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர், வருஷக்கணக்காக. எங்கள் ஸ்டூடியோக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் போட்டோஷாப் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவ்வளவு நேரமும் சீதாராமன் திரையில் நிற்பார். "நம்மாளுப்பா" என்று பெருமையோடு காட்டுவார் ஸ்டூடியோக்காரர். நம்மாளுக்குக் காசு கொடுத்து வாங்கின பிரதியா அது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பென்சில் போய் மவுஸ் வந்ததும் கரீஷ்மா என்ற கல்யாண ஆல்பம் வந்தது. மணப்பெண் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் நின்றாள். மாப்பிள்ளை ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ஓசூர் தாண்டாத தம்பதிகள் சுவிட்சர்லாந்துப் பனியில் பட்டுப் புடவையும் வேட்டியுமாக நின்றார்கள். ஒருத்தருக்கும் சளி பிடிக்கவில்லை.

2010-இல் இன்ஸ்டாகிராம் பிறந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படத்தின் ஓரம் இருண்டால் எங்கள் காலத்தில் லென்ஸ் மட்டம். புள்ளி புள்ளியாக இருந்தால் பிலிம் மட்டம். சிவப்பாக ஒரு கீற்று ஓடினால் கேமரா டப்பாவில் ஓட்டை. மஞ்சளடித்தால் ஹைப்போவைச் சரியாகக் கழுவவில்லை என்று திட்டு. இந்த வியாதிகளையெல்லாம் ஒழிக்கக் காசைக் கரைத்தோம். இப்போது அதே வியாதிகளுக்கு விண்டேஜ் என்று பெயர் வைத்து, துல்லியமான படத்தின் மேல் தேடிப்பிடித்துத் தடவுகிறார்கள். என் மூன்று கால் மாமாவை அன்றைக்கே பத்திரமாக வைத்திருந்தால் கண்காட்சி போட்டிருக்கலாம்.

பதினோரு குடம்

"உங்க பழைய போட்டோ ஒண்ணு ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன் மாமா, இருங்க" என்று போனைத் துழாவினாள்.

பார்த்ததும் தெரிந்தது. ஈஜிபுரா இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ். ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பு. கட்டடங்கள் அற்பாயுசு, விரிசல் விட்டு இடிந்தன. அப்புறம் அதே மண்ணில் தகரக் கொட்டகைகள். 2013 ஜனவரியில் ஜேசிபி வந்தது. சுமார் 1,500 குடும்பங்கள். அதற்கப்புறமும் பல பேர் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே கிடந்தார்கள்.

படத்தில் வாசற்படியில் இட்லி ஆயா. நான் கேமராவை எடுத்ததுமே சொன்னார்: "தம்பி, பின்னால குடமெல்லாம் தெரியாம எடு." இடது பக்கம் நகர்ந்தேன், குடம். வலது பக்கம் போனேன், அங்கேயும் குடம். தண்ணீர் வராத ஊரில் குடம் இல்லாத கோணம் ஏது? "பிரிண்ட் போடறப்ப எடுத்துடறேன் ஆயா" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு அழுத்தினேன். பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் தன் முகத்தைக்கூடப் பார்க்காமல் விரலை வைத்து எண்ணினார். "பதினோரு குடம் தெரியுது. நல்லா எடுத்தே, போ."

"இப்ப எடுத்துடலாம் மாமா" என்று அக்கா மகள் விரலை வைத்தாள். ஒரு தேய்ப்பு. குடங்கள் போயின. துணிக்கொடி போயிற்று. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கதவும் விரிசல் விட்ட சுவரும் சேர்ந்து போயின. அந்த இடத்தில் பச்சைப் புல்வெளி, பின்னால் சிக்னலில் பார்த்த அதே தென்னை மரம். ஏதோ ரிசார்ட்டுக்கு விருந்தாளியாக வந்தது போல ஆயா உட்கார்ந்திருந்தார்.

"சூப்பரா இருக்கில்ல?"

"எல்லாத்தையும் திருப்பி வைம்மா."

"ஏன் மாமா? அவங்களே எடுக்கச் சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சோனி வேர்ல்ட் வந்து வெகுநேரம் ஆயிற்று என்று டிரைவர் கன்னடத்தில் சொன்னார். மீட்டருக்கு மேல் நாற்பது ரூபாய் கேட்டு, அதற்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி என்றார். கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நின்று போனை வாங்கிப் பார்த்தேன். சுவர் வந்திருந்தது, கதவும் துணிக்கொடியும் வந்திருந்தன. குடங்களை மட்டும் விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று.